முன்னாலே எட்டு... பின்னாலே எட்டேமுக்கால்!

"மிலிட்டரி வண்டி ஸார். ஃபோர் வீல். எங்கே விட்டாலும் ஏறும். செவுத்துல விட்டாக்கூட ஏறும்!"

பழைய ஜீப் விற்கிற புரோக்கர்கள் எல்லோரும் ஒரே வாத்தியாரிடம் பாடம் படித்தவர்கள் போலிருக்கிறது. போடியிலும் இதே வசனம், கோயமுத்தூரிலும் இதே வசனம். சுவரில் ஏறுவது அவர் கவலை. திரும்ப ஒழுங்காக இறங்குவது நம்ம கவலை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு பழைய ஜீப்பைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? சேஸிஸ் ஒரு ஊர், எஞ்சின் ஒரு ஊர், கியர் பாக்ஸ் வேறொரு ஊர், கதவு இருந்தால் அது பட்டறைக்காரரின் சொந்தத் தயாரிப்பு. நாலைந்து ஜீப்களின் ஆவி அதில் குடியிருக்கும். ஆர்.சி. புக் மட்டும்தான் ஒரிஜினல் என்பார்கள். (அதையும் ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நல்லது!)

இப்படிக் கலந்து கட்டுவதில் பெரிய பாவம் ஒன்றும் இல்லை. ஸ்பேர் கிடைக்காத வண்டியை ஓட வைக்கிற சாமர்த்தியம் அது. ஆனால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இந்தச் சாமர்த்தியம் ஆளைக் கவிழ்த்துவிடும். முன் ஆக்சிலிலும் பின் ஆக்சிலிலும் இருக்கிற பல் சக்கரக் கணக்கு ஒன்றாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால்..?

கோயில் வாசலில் அவசரத்தில் செருப்பு மாட்டிக்கொண்டு வருகிறோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்று நம்முடையது, ஒன்று யாரோ குதிகால் உயர்ந்த அம்மாவுடையது. நாலு தப்படி நடக்கும்போதே இடுப்பு சொல்லிவிடும். ஜீப்புக்கு இடுப்பு உண்டு, வாய்தான் கிடையாது. அது சொல்வதை நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். புரியாமல் போனதால் ஒரு டிரைவரின் பிழைப்பே போக இருந்த கதை எனக்குத் தெரியும்.

அத்தான் வாங்கிய ஜீப்

என் அக்கா வீட்டுக்காரருக்கு போடிநாயக்கனூர். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற தொழில். விடியற்காலையில் தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து ஜீப் ஜீப்பாகப் பெண்கள் மலை ஏறிக் கேரளப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போவதும், சாயங்காலம் களைத்துத் திரும்புவதும் அந்தப் பக்கத்தில் அன்றாடக் காட்சி.

2017-ம் வருஷம் மாசி மாதம் அத்தான் ஒரு பழைய ஜீப் வாங்கினார். டீசல் எஞ்சின். கியர் லீவர் பக்கத்தில் இன்னும் இரண்டு குட்டி லீவர்கள். ஒன்றைப் போட்டால் முன் சக்கரமும் இழுக்கும். இன்னொன்றைப் போட்டால் 'லோ' என்கிற பொறுமையான கியர், செங்குத்து ஏற்றத்துக்கு. தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். பூ மாதிரி போனது. மைலேஜும் நன்றாகக் கொடுத்தது. "பழைய ஓனர் ரொம்ப நல்லா வெச்சிருந்திருக்கார் மாப்ளே" என்று அத்தான் எனக்குப் போன் போட்டுப் பெருமைப்பட்டார்.

வெயில் காலம் முழுக்க பிரச்னை இல்லை. ஃபோர் வீல் லீவரைத் தொடவேண்டிய அவசியமே வரவில்லை. ஆனியில் மலையில் மழை பிடித்தது. மண் ரோடு சேறானது. டிரைவர் லீவரைப் போட்டார். ஒரு வாரத்தில் முன் ஷாஃப்ட்டின் கிராஸ் உடைந்தது. ஆவணியில் மறுபடி உடைந்தது. முன் டயர் இரண்டும் ரம்பம் மாதிரி தேய்ந்தன. சில நாள் லீவர் உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்று அடம் பிடித்தது.

அத்தானுக்கு ஜீப் புதுசே தவிர தொழில் பழசு. தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டினால் கிராஸ் உடையும் என்பது அவருக்குத் தெரியும். அதனால், "நீ தார்லயும் லீவரைப் போட்டு ஓட்டிருக்க. அதான் உடையுது" என்று டிரைவர் மேல் பாய்ந்தார். "இல்லண்ணே, சத்தியமா மண்ணுலதாண்ணே போட்டேன்" என்று அவர் சொன்னது எடுபடவில்லை. இரண்டாவது கிராஸின் விலை அவர் பேட்டாவிலிருந்து பிடிக்கப்பட்டது.

அந்த டிரைவருக்கு மலையில் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பனி மூட்டத்தில் ஹாரன் சத்தத்தை வைத்தே எதிரே வருகிற வண்டி யாருடையது என்று சொல்கிற மனுஷன்.

ஐப்பசியில் அடைமழை. தார் ரோட்டை விட்டுத் தோட்டத்து மண் பாதையில் ஜீப் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே எட்டுப் பெண்கள். இடதுபக்கம் திரும்பவேண்டிய ஒரு வளைவு. வலதுபக்கம் பள்ளம். டிரைவர் ஸ்டியரிங்கை முழுக்க இடதுபக்கம் ஒடித்தார். முன் சக்கரம் இரண்டும் இடதுபக்கம் திரும்பின. ஜீப் திரும்பவில்லை! நேரே பள்ளத்தைப் பார்த்து நகர்ந்தது. பின்னாலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி. டிரைவர் எஞ்சினை அமர்த்தி பிரேக்கை மிதித்தார். ஓரத்தில் இருந்த ஒரு பலா மரம் பம்பரைத் தாங்கிக்கொண்டது.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அத்தான் தீர்மானித்துவிட்டார். "உனக்குக் கண்ணு போயிருச்சு, இல்ல கை போயிருச்சு. வேற ஆள் பாத்துக்கறேன்."

வண்டியில் இருந்த பெண்களில் ஒரு பெரியம்மா, "அந்தத் தம்பி மேல தப்பில்லப்பா. அவரு ஒடிச்சதை நான் பாத்தேன். வண்டிதான் கேக்கல" என்று சொல்லிப் பார்த்தார். வண்டியாவது, கேட்காமல் போவதாவது? யாரும் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

'டங்' என்று ஒரு சத்தம்

நான் அந்தச் சமயம் அக்கா வீட்டில் இருந்தேன். பட்டறைக்கு ஜீப்பைக் கொண்டுபோனபோது நானும் போனேன். மறுபடியும் லீவர் மாட்டிக்கொண்டிருந்தது. எத்தனை இழுத்தும் வரவில்லை.

மேஸ்திரி அறுபது வயசுக்காரர். சுத்தியலைத் தேடுவார் என்று நினைத்தேன். அவர் ஜாக்கியைத் தேடினார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு, முன் சக்கரம் ஒன்றைத் தூக்கினார். "கிட்ட நிக்காதீங்க தம்பி" என்றார். டயர் தரையை விட்டு எழும்பியதும் 'டங்' என்று ஒரு சத்தம். யாரும் தொடாமலே சக்கரம் சடாரென்று தானாகச் சுழன்று நின்றது. பேய் பிடித்த மாதிரி! அப்புறம் ஒரே விரலால் லீவரைத் தள்ளினார். வெண்ணெயாக நழுவி வந்தது.

"முறுக்கிக்கிட்டு இருந்துச்சு. இப்ப விட்டுருச்சு" என்றவர், அத்தானைப் பார்த்து, "அண்ணே, பின்னாடி ஆக்சில் மாத்துனது யாரு?" என்று கேட்டார்.

அத்தானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாத்தலயே. வாங்குனபடியேதான் இருக்கு."

"அப்ப வித்தவன் மாத்தியிருக்கான்" என்று சொல்லிவிட்டு ஒரு சாக்பீஸை எடுத்தார். என் பக்கம் திரும்பி, "தம்பி பி.காம்.தானே? எண்ணத் தெரியும்ல?" என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக என் பட்டத்துக்கு ஒரு உபயோகம்!

ஷாஃப்ட்டில் ஒரு கோடு, ஹவுசிங்கில் ஒரு கோடு. டயரில் ஒரு கோடு. பின் சக்கரம் ஒன்றைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் கையால் 20 சுற்று சுற்றினார். ஷாஃப்ட் எத்தனை தடவை சுற்றுகிறது என்று நான் குப்புறப் படுத்து எண்ணினேன். 48 முழுச் சுற்று, அதற்கு மேல் ஒரு முக்கால். பிறகு முன் சக்கரத்துக்கு அதே வைபவம். 53 முழுச் சுற்று, ஒரு முக்கால்.

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டார். "டிரைவரைக் கூப்பிடுங்கண்ணே. அவர் மேல தப்பில்ல."

பல்லுக்குப் பல் கணக்கு

எஞ்சின் சுற்றுகிற வேகத்தில் சக்கரமும் சுற்றினால் ஜீப் பறந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஆக்சிலின் நடுவிலும் ஒரு ஜோடிப் பல் சக்கரம் இருக்கிறது. ஷாஃப்ட்டின் முனையில் இருப்பது சின்னது, பினியன். அது சுற்றுவது பெரியதை, கிரவுன். பினியனில் 8 பல், கிரவுனில் 43 பல் என்றால் ஷாஃப்ட் ஐந்தே சொச்சம் தடவை சுற்றினால்தான் சக்கரம் ஒரு தடவை சுற்றும். 43-ஐ 8-ஆல் வகுத்தால் 5.375. பட்டறையில் இதை 5.38 என்பார்கள். கிரவுனில் 39 பல் என்றால் 4.875. அதாவது 4.88.

நம் ஜீப்பில் முன்னால் 43, பின்னால் 39!

இரண்டும் தனித்தனியாக நல்ல ஆக்சில்கள்தான். 5.38 என்றால் இழுவை அதிகம், வேகம் கம்மி. 4.88 என்றால் வேகம் கொஞ்சம் கூட, எஞ்சினுக்கு அலைச்சல் குறைவு. பழைய ஓனர் சமவெளியில் டாக்ஸி மாதிரி ஓட்டியிருக்கிறார். மைலேஜுக்காகப் பின் ஆக்சிலை மட்டும் மாற்றிவிட்டார். முன்னாலும் மாற்றினால் செலவு இரட்டிப்பு. அவருக்கு ஃபோர் வீல் தேவையும் இல்லை. அவர் கணக்கு அவருக்கு சரி. விற்கும்போது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டதுதான் அயோக்கியத்தனம்.

இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும்போது இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. முன் சக்கரங்கள் சும்மா கூட உருண்டு வரும். லீவரைப் போட்டதும் கதை மாறுகிறது. இந்த மாதிரி ஜீப்பில் ஃபோர் வீல் லீவர் என்பது முன் ஷாஃப்ட்டையும் பின் ஷாஃப்ட்டையும் சேர்த்துப் பூட்டு போடுகிற சமாசாரம். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். ஷாஃப்ட் 43 தடவை சுற்றினால் முன் சக்கரம் 8 சுற்று போகும். பின் சக்கரம் எட்டேமுக்காலுக்கும் கொஞ்சம் மேலே போகும். ஒரே வண்டி, ஒரே ரோடு. ஆனால் பின் பாதிக்கு அவசரம், முன் பாதிக்கு நிதானம்.

மீட்டரில் சொல்கிறேன். பின் சக்கரம் ஒரு கிலோமீட்டர் உருளும்போது முன் சக்கரம் 907 மீட்டர்தான் உருள முடியும். மீதி 93 மீட்டர்? அதை இழுபட்டே கடக்கவேண்டும். மூன்று கிலோமீட்டர் மண் பாதை என்றால் கால் கிலோமீட்டருக்கு மேல் முன் டயர்கள் தேய்த்துக்கொண்டே போகின்றன.

எங்கள் பாஷையில் சொன்னால் இது டிரையல் பேலன்ஸ் டேலியாகாத கேஸ். பற்றும் வரவும் ஒத்துவராவிட்டால், வித்தியாசத் தொகையை சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்று ஒன்றில் தூக்கிப் போட்டுவிட்டு அன்றைக்கு வீட்டுக்குப் போவோம். ஜீப்புக்கு சஸ்பென்ஸ் அக்கவுன்ட் எது தெரியுமா? சேறு! சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. வித்தியாசம் முழுக்க ஷாஃப்ட்டிலும் கிராஸிலும் பல்லிலும் முறுக்காக ஏறும். பல்லோடு பல் இறுகிக்கொள்வதால் லீவர் வராது. எது பலவீனமோ அது முதலில் உடையும். மேஸ்திரி டயரைத் தூக்கியபோது கேட்ட 'டங்', அந்த முறுக்கு அவிழ்ந்த சத்தம்.

சரி, சேறுதான் விழுங்கிவிடுமே, அப்புறம் ஏன் பள்ளத்தைப் பார்த்துப் போனது?

அங்கேதான் விஷயம். ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்னால் சாயும். எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பதும் பின்னால். அதனால் பின் டயர் மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். முன் டயர் லேசாகிவிடும். வழுக்கவேண்டிய முழுப் பங்கும் முன் டயர் தலையில் விழும். பின்னாலிருந்து தள்ளு, முன்னால் பாதி பிரேக் போட்ட மாதிரி இழுபடல். "சறுக்குற டயரு திரும்பச் சொன்னா கேக்காது தம்பி" என்றார் மேஸ்திரி. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் அது ஏர் மாதிரி மண்ணை உழுதுகொண்டு நேரேதான் போகும். பின்னாலிருந்து யாரோ தள்ளியது போலிருந்தது என்று டிரைவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. தள்ளியது அவருடைய பின் சக்கரம்!

இந்தக் குழப்பத்துக்கு வயசு எண்பது

இது போடியில் பிறந்த வியாதி இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் சேர்ந்து 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப்கள் செய்தன. அந்த ராணுவ ஜீப்பின் கணக்கு 4.88. போர் முடியப்போகிற நேரத்தில் வில்லிஸ் கம்பெனி, "இனி சிப்பாயை நம்பினால் ஆகாது, விவசாயியைப் பிடிப்போம்" என்று 1945-ல் சிவிலியன் ஜீப் கொண்டுவந்தது. ஏர் பூட்டவும் பாரம் இழுக்கவும் இழுவை வேண்டுமே! அதற்கு 5.38 வைத்தார்கள்.

இரண்டிலும் பினியனில் அதே 8 பல். முன் ஆக்சில் வெளியே பார்க்க அச்சு அசலாக ஒரே மாதிரி. இரட்டைப் பிள்ளைகள். உள்ளே கிரவுனில் நாலு பல் வித்தியாசம் என்பது கவரைக் கழற்றினால்தான் தெரியும். கேட்கவேண்டுமா? ராணுவ ஜீப்பின் ஆக்சிலை சிவிலியன் ஜீப்பில் மாட்டுவதும், சிவிலியன் ஆக்சிலை ராணுவ ஜீப்பில் மாட்டுவதும், அப்புறம் கிராஸ் உடைகிறது என்று தலையைச் சொறிவதும் அமெரிக்காவிலேயே ஆரம்பித்துவிட்டது. 1940-களின் கடைசியில் நம் நாட்டில் மஹிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்தது. பிற்பாடு மாடல்கள் மாற மாற, பல் கணக்குகளும் பலவிதமாக வந்தன. பழைய இரும்புக் கடையில் எல்லா ஆக்சிலும் ஒரே குவியலில்தானே கிடக்கிறது!

துளியூண்டு வித்தியாசம் பரவாயில்லையா என்று கேட்டால், பரவாயில்லை. அமெரிக்காவில் ஃபோர்டு பிக்கப் வண்டிகளில் பின்னால் 3.50, முன்னால் 3.54 என்று ஃபாக்டரியிலிருந்தே வந்ததுண்டு. 41-ஐ 10-ஆல் வகுத்த 4.10-ம், 37-ஐ 9-ஆல் வகுத்த 4.11-ம் ஒரே வண்டியில் குடித்தனம் செய்யும். ஏறத்தாழ ஒரு சதவீதம் வரை டயரின் நெளிவிலேயே சரிக்கட்டிக்கொள்ளும் என்பது பட்டறைக் கணக்கு. நம் ஜீப்பில் வித்தியாசம் பத்து சதவீதத்துக்கும் மேல்!

இங்கே ஒரு புத்திசாலி வாசகர் கை தூக்குகிறார். "ஃபோர் வீல் டிராக்டரில் முன் சக்கரம் சின்னது, பின் சக்கரம் பெரியது. அங்கே மட்டும் எப்படி?"

நல்ல கேள்வி. டிராக்டரில் சக்கர அளவுக்குத் தக்கபடி பல் கணக்கையும் மாற்றித்தான் வைக்கிறார்கள். இன்னும் சொல்லப்போனால், முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட ஒன்றிலிருந்து ஐந்து சதவீதம் வரை முந்திக்கொண்டு இழுக்கிற மாதிரி வேண்டுமென்றேதான் செய்கிறார்கள். கவனியுங்கள்: முன்னாலே இருப்பவர் கொஞ்சம் முந்துகிறார். உழவு மண்ணில் அதற்கு இடம் உண்டு. நம் ஜீப்பில் முன்னாலே இருப்பவர் பத்து சதவீதம் பிந்துகிறார், பின்னாலே இருப்பவர் முட்டுகிறார். தவிர, டிராக்டரில் அது என்ஜினீயர் போட்ட கணக்கு. இங்கே புரோக்கர் போட்ட கணக்கு.

1970-ல் வந்த ரேஞ்ச் ரோவர் மாதிரி வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவிலேயே ஒரு டிஃபரன்ஷியல் வைத்து, சண்டை வராமல் பஞ்சாயத்து பண்ணிவிட்டார்கள். அந்தப் பஞ்சாயத்துத் தலைவர்கூட நாள் பூராவும் பத்து சதவீத வழக்கைத் தீர்த்துக்கொண்டே இருந்தால் சீக்கிரம் தேய்ந்துபோவார்.

தீர்ப்பு

விஷயம் தெரிந்ததும் அத்தான் புரோக்கருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த யோசனை: "அந்த லீவரைத் தொடாம ஓட்டுங்கண்ணே. ஒண்ணும் ஆகாது."

கேட்க சுலபமான வழிதான். ஆனால் இந்த ரக ஜீப்பில் ஃபோர் வீலைப் போட்டால்தான் 'லோ' கியரே விழும். லீவரைத் தொடாவிட்டால் இரண்டுமே இல்லை. ஐப்பசி மழையில், செங்குத்து மண் பாதையில், ஆட்களை வைத்துக்கொண்டு அப்படிப் போவதற்கு, வீட்டிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

மலை வேலைக்கு 5.38தான் சரி என்றார் மேஸ்திரி. கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடி, 8-க்கு 43 ஜோடி ஒன்று கிடைத்தது. ஜோடி என்பதை அழுத்திச் சொன்னார். கிரவுனும் பினியனும் ஃபாக்டரியில் ஒன்றோடொன்று உரசிப் பழகியே வெளியே வருகிறவை. கிரவுன் ஒரு கடையிலும் பினியன் ஒரு கடையிலும் வாங்கிச் சேர்த்தால் ஆயுசுக்கும் ஊளைச் சத்தம்தான். பல்லுக்குச் சாயம் தடவி, சுற்றிப் பார்த்து, சிம்ஸ் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து... இரண்டு நாள் ஆனது. கடைசியில் மறுபடி சாக்பீஸ், மறுபடி என் குப்புறப் படுக்கை. முன்னால் 53 முக்கால். பின்னால் 53 முக்கால். டேலி!

டிரைவரும் அன்றைக்குப் பட்டறையில் இருந்தார். அத்தானுக்கு மன்னிப்பு கேட்கத் தெரியாது. அந்தக் காலத்து மனுஷர். பரோட்டா வாங்கிக்கொடுத்தார். பேட்டாவில் பிடித்த பணத்தை ஒரு கவரில் போட்டு, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நீட்டினார். "நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்துரு" என்றார். அவ்வளவுதான். டிரைவர் கவரைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பெரியம்மாகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருங்கண்ணே. அவுகதான் மொதல்ல சொன்னாக" என்றார்.

எனக்கு அந்த வார்த்தைதான் மனசில் நிற்கிறது. வண்டி பேசவில்லை. பேசிய இரண்டு பேரையும் நாங்கள் யாரும் கேட்கவில்லை. மேஸ்திரியின் சாக்பீஸ் கோடு சொன்ன பிறகுதான் நம்பினோம்.

ஜீப் வாங்கப் போகிறீர்களா? ஒரு சாக்பீஸ் போதும்!

● சமதளத்தில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரல். ஃபோர் வீல் லீவர் வெளியே. தரையில் இருக்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் பெரிய கல் வையுங்கள். பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிவிட்டால் அந்த பிரேக் வண்டியை நிறுத்தாது. கல்தான் காவல்!

● ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். வண்டிக்கு அடியில் தலையை விடுவதற்கு முன் ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள்.

● ஷாஃப்ட்டிலும் டயரிலும் சாக்பீஸ் கோடு. பின் சக்கரத்தைச் சோதிக்கும்போது ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் சுற்றுவதால் கிரவுன் அதில் பாதி, 10 சுற்றுதான் சுற்றும். ஷாஃப்ட் சுற்றியதைப் பத்தால் வகுத்தால் உங்கள் கணக்கு வந்துவிடும்.

● முன்னாலும் அதே மாதிரி. இரண்டு எண்ணும் ஒத்துப்போகவேண்டும். ஒன்று 49, ஒன்று 54 என்றால் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். அல்லது அதற்குத் தக்கபடி விலையைக் குறையுங்கள்.

● ஆக்சில் கவர் போல்ட்டில் சில வண்டிகளில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில் பல் எண்ணிக்கை இருக்கலாம். தகட்டை நம்பிவிடாதீர்கள். உள்ளே இருப்பதை மாற்றியவர் தகட்டையும் மாற்றியிருப்பார் என்று என்ன நிச்சயம்?

● நாலு டயரும் ஒரே அளவுதானா? ஒரே தேய்மானமா? பின்னால் புது டயர், முன்னால் ஒரு சென்டிமீட்டர் தேய்ந்த மொட்டை டயர் என்றால் சுற்றளவில் இரண்டரை, மூன்று சதவீதம் வித்தியாசம் வந்துவிடும். ஆக்சில் சரியாக இருந்தும் அதே வியாதி!

● கணக்கெல்லாம் டேலியானாலும் தார் ரோட்டில் ஃபோர் வீல் வேண்டாம். திருப்பத்தில் முன் சக்கரம் பெரிய வட்டமும் பின் சக்கரம் சின்ன வட்டமும் போடுகின்றன. அந்த வித்தியாசத்துக்கு வழுக்க இடம் வேண்டும்.

முன்னாலே போகிறவரும் பின்னாலே வருகிறவரும் ஒரே வேகத்தில் போகவேண்டும் என்பது ஜீப்புக்கு மட்டும்தானா? நான் ஸ்கூட்டர்கூட ஓட்டாதவன். என்றாலும் என் வீட்டுக்காரி கடைத்தெருவில் எனக்கு நாலு கடை முன்னால் போய்க்கொண்டிருக்கும்போதெல்லாம் அந்த 'டங்' சத்தம் காதில் கேட்கிறது.